‘வாங்க’ என்று ஒரு வார்த்தை

கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர்களின் பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? பந்தல் எப்படி, சாப்பாடு எப்படி, பெண்ணுக்கு எத்தனை பவுன் என்ற பேச்செல்லாம் இரண்டு நாளில் அடங்கிவிடும். அடங்காத பேச்சு ஒன்று உண்டு. “நாங்கள் போய் நின்றோம். அண்ணன் எங்களைப் பார்த்தார். பார்த்தும் ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை” என்பதுதான் அது. பத்து வருஷம் கழித்து, அந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்பது மறந்துபோன பிறகும், இது மட்டும் மறக்காது. அந்த அண்ணன் பாவம், சமையலுக்குத் தேங்காய் போதவில்லை என்று அந்த நேரத்தில் கடைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்திருப்பார்.

நம் ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் கோபம் என்று இதைச் சிரித்துத் தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தள்ள மனம் வருவதில்லை. தன் வீட்டில் சோறு உள்ளவன் இன்னொருவர் பந்தலுக்குச் சோற்றுக்காகவா போகிறான்? மொய்ப் பணத்தை உறையில் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து, வெயிலில் நடந்து வருகிறவன் உள்ளுக்குள் ஒரு கேள்வியோடு வருகிறான். ‘நான் இவர்களுக்கு வேண்டியவனா?’ அந்தக் கேள்விக்குப் பதில் ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல் வராவிட்டால், பிறகு இலையில் விழுகிற எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை.

திருவள்ளுவர் இதை நன்றாக அறிந்திருந்தார். அன்புடைமைக்கு அடுத்தபடியாக, 9-ஆம் அதிகாரமாக விருந்தோம்பலை வைத்தார். அதற்கு அடுத்து, 10-ஆம் அதிகாரமாக இனியவை கூறலை வைத்தார். அன்பு, விருந்து, இனிய சொல் என்ற மூன்றும் ஒரே வீட்டின் அடுத்தடுத்த அறைகள் மாதிரி இருக்கின்றன. விருந்தோம்பலின் கடைசிக் குறளில் அனிச்சப் பூ வருகிறது. அந்தப் பூ மோந்து பார்த்தால் வாடுமாம். விருந்தாளி வாடுவதற்கு அவ்வளவு கூட வேண்டாம், வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் கோணினால் போதுமாம். ‘விருந்து’ என்ற சொல்லுக்கே பழந்தமிழில் புதுமை என்று பொருள். முன்பின் அறியாமல் புதிதாக வந்தவனுக்கே இத்தனை மரியாதை என்றால், வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்?

நம் மலேசியத் தமிழில் இன்னொரு அழகும் சேர்ந்திருக்கிறது. காலையில் எதிர்ப்படுகிறவரை ‘பசியாறியாச்சா?’ என்று கேட்கிறோம். காலை உணவுக்கே பசியாறல் என்று பெயர் வைத்துவிட்டோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் சிலர் இதைக் கேட்டு ஒரு கணம் விழிப்பதும் உண்டு. இருட்டோடு எழுந்து மரம் சீவப் போனவர்கள், நிரையை முடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்த நேரம் அது. பக்கத்து நிரைக்காரர் நின்றுகொண்டிருக்கும்போது தனியாக ஒரு கவளம் வாயில் வைக்க யாருக்கும் மனம் வராது. அந்தப் பழக்கம்தான் கேள்வியாக நம் நாக்கில் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

சோற்றைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லவேண்டும். நம் வீட்டுத் தாய்மார்கள் உலைக்கு அரிசி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். பால் டின்னில் அளப்பார்கள். ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். அளந்து முடித்த பிறகு கை மறுபடியும் அரிசிப் பானைக்குள் போகும். ஒரு பிடி எடுத்து அதோடு போடுவார்கள். “இது யாருக்கு?” என்றால், “யாராவது வந்தால்?” என்பார்கள். கடைக் கடன் ஏறிப்போன மாதக் கடைசியிலும் அந்தப் பிடி நின்றதில்லை. பிடி கொஞ்சம் சிறுத்திருக்கும், அவ்வளவுதான்.

கடவுளைப் பற்றிப் பெரிய பெரிய நூல்கள் எவ்வளவோ சொல்லுகின்றன. எனக்கு எளிதில் விளங்குவது இந்த ஒரு பிடிதான். வருகிறவன் யாரென்று தெரியாது. நல்லவனா கெட்டவனா என்ற விசாரணை இல்லை. வருவானா என்பதே நிச்சயம் இல்லை. ஆனால் அவன் பங்கு உலையில் வெந்துகொண்டிருக்கிறது. இறைவன் நம்மை ஏற்றுக்கொள்கிறான் என்று சொல்லும்போது, நாம் குளித்து, விரதம் முடித்து, தட்சணையோடு போய் நின்ற பிறகுதான் அவன் நம்மைத் திரும்பிப் பார்ப்பான் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாம் புறப்படுவதற்கு முன்பே நம் பிடியை அவன் போட்டுவிட்டான்.

அது நமக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், அவன் நேரில் வந்து ‘வா’ என்று சொல்லாததுதான். எப்போதும் வேறு யார் வாயிலிருந்தாவது சொல்லுகிறான். தோட்டத்து ஆயாக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன், தூக்கம் கலையாத பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு தாய் ஓடி வருவாள். அவளுக்குப் பேச நேரமில்லை. ஆயா இரண்டு கையையும் நீட்டுவாள். சளி ஒழுகுகிற பிள்ளை, இரவெல்லாம் அழுத பிள்ளை, நேற்று அவளையே கடித்த பிள்ளை, எல்லாம் அந்தக் கைக்குள் போகும். பல் விழுந்த அந்தக் கிழவியைப் பார்த்து இது தெய்வத்தின் கை என்று நம்மில் யாரும் சொன்னதில்லை. சம்பளத்துக்குச் செய்கிறாள் என்றுதான் சொன்னோம். சம்பளம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கு. அந்தச் சிரிப்புக்கு எந்தத் தோட்டத்திலும் சம்பளம் போட்டதில்லை.

இன்று பெரும்பாலோர் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். கதவுக்கு முன்னால் இரும்புக் கிரில், அதற்கு ஒரு பூட்டு. சோறு பொங்கும் மின்சாரச் சட்டிக்குள் எத்தனை பேருக்கு எவ்வளவு என்று கோடு போட்டிருக்கிறது. திருட்டுப் பயத்துக்குப் பூட்டு வேண்டியதுதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தை விட்டு மகனோடு வந்து பத்தாவது மாடியில் இருக்கும் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். வேளைக்குத் தேத்தண்ணி வருகிறது, மருந்து வருகிறது. கீழே போய் நடந்துவிட்டுத் திரும்பி வரும்போது ‘வாங்கப்பா’ என்று யாரும் தலை நிமிர்ந்து சொல்வதில்லை. எல்லார் தலையும் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது.

இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, வாழ்க்கைக்கு ஒத்துவருமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தாய் கேட்டேவிட்டார். அவர் கடிதம் என் மேசை மேல் இருக்கிறது.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த அம்மாள் அவர். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மூத்த மகன் கூடாத சேர்க்கையில் சிக்கி, ஒரு குற்றத்தில் மாட்டிச் சிறைக்குப் போனான். தண்டனை முடிந்து வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. “ஐயா, அவன் முன்வாசல் வழியாக வருவதே இல்லை. பின்னால் குசினி வழியாக வருகிறான். நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டை எடுக்கிறான். யாராவது வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்” என்று எழுதியிருக்கிறார். தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். அவள் அண்ணனோடு பேசுவதில்லை. ஆடியில் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா. பால்குடம் எடுக்கட்டுமா என்று அவனாகவே வாய் திறந்து கேட்டிருக்கிறான். தாய் போய்க் கோயில் பெரியவர் ஒருவரிடம் சொன்னார். “இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று பதில் வந்தது. கடிதத்தின் கடைசி வரியை அப்படியே தருகிறேன்: “அம்மன் என் பிள்ளையை ஏற்றுக்கொள்வாளா, மாட்டாளா? அதை மட்டும் சொல்லுங்கள்.”

ஏற்றுக்கொள்வாள் அம்மா. இதற்கு நான் யோசிக்கவே இல்லை. பட்டணத்துப் பெரிய கோயில்களில் உச்சிகாலப் பூசை முடிந்தால் நடை சாத்துகிறார்கள். மறுபடி சாயங்காலம்தான் திறக்கிறார்கள். தோட்டத்து எல்லையில் மரத்தடியில் இருக்கும் முனீஸ்வரருக்கு நடை ஏது, சாத்துவது ஏது? ஒரு கல், ஒரு சூலம், ஒரு விளக்கு. வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர், பரீட்சைக்குப் போகிற பிள்ளை, சம்பளத்தன்று தள்ளாடி வருகிறவர், எல்லாரும் அதன் முன்னால் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். ‘நீ போய்விட்டு அடுத்த வருஷம் வா’ என்று அந்தக் கல் யாரிடமும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படிச் சொல்வதெல்லாம் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதர்கள்தான்.

ஆகவே உங்கள் கேள்வியில் அம்மனைப் பற்றிய பாதி எளிது. கடினமான பாதி உங்கள் மகள்.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லப்போவதில்லை. அண்ணன் உள்ளே இருந்த காலத்தில் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்த்து வீட்டைத் தாங்கியவள் அவள் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரு தப்பும் செய்யாதவள், தலை குனிந்து பஸ் ஏறியவள். இன்றைக்கு அண்ணன் வந்துவிட்டான் என்று அம்மா மீன் வாங்கிக் குழம்பு வைக்கும்போது அவளுக்கு எரியாதா? ‘இத்தனை நாள் உழைத்த எனக்கு யார் குழம்பு வைத்தார்கள்?’ என்று அவள் கேட்டால் அது நியாயமான கேள்வி.

இதே கேள்வி இயேசு சொன்ன ஒரு கதையில் வருகிறது. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரம். நம் லயங்களில் ஒரே சுவரின் இந்தப் பக்கம் மாரியம்மன் படமும் அந்தப் பக்கம் மாதா படமும் தொங்கியது உண்டு. ஆகையால் பலருக்குத் தெரிந்த கதையாகவே இருக்கும். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் புரிகிற அளவுக்கு அது வேறு யாருக்கும் புரியாது என்பது என் எண்ணம்.

பெரட்டு என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். விடியுமுன் மணி அடிக்கும். வேலைக்குப் போகிற அத்தனை பேரும் களத்தில் கூடவேண்டும். புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது இல்லாதவருக்கு அன்று வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. தோட்டத்துக் கணக்குப்படி அதில் காரணமும் இருந்தது. விடியற்காலைக் குளிரில் சீவினால்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். நேரம் கழித்து வருகிற ஆளால் தோட்டத்துக்கு என்ன லாபம்?

கதையில் வரும் திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒரு வினோதமான துரை. விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய், ஒரு நாள் கூலி பேசி ஆள் சேர்க்கிறார். அதோடு நிற்கவில்லை. ஒன்பது மணிக்குப் போகிறார், பன்னிரண்டுக்குப் போகிறார், மூன்று மணிக்கும் போகிறார். வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, சாயங்காலம் ஐந்துக்கும் போகிறார். அங்கே சிலர் சும்மா நிற்கிறார்கள். ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். நீங்களும் வாருங்கள் என்று அழைத்துப் போகிறார். கூலி கொடுக்கும்போது, கடைசியாக வந்தவர்களுக்கும் முழு நாள் கூலி. விடியலிலிருந்து வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். நாமும் முணுமுணுத்திருப்போம். தொழிற்சங்கத்துக்கு ஒரு மனுவும் எழுதியிருப்போம்.

ஆனால் அந்த ஐந்து மணி ஆட்கள் சொன்ன பதிலை நம் மூத்தவர்கள் நன்றாக அறிவார்கள். 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது வேலையும் வீடும் ஒன்றாகப் போனவர்கள் உண்டு. அந்தக் கவலையில்தான் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969-இலிருந்து குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று ஆனபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். பின்னாளில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தை விட்டு வெளியேறச் சொன்ன கடிதத்தைக் கையில் வாங்கியவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். ‘உனக்கு இங்கே இடமில்லை’ என்று காதாரக் கேட்ட சனம் நாம். அதே வார்த்தையை இன்னொருவரிடம் சொல்லும் முன் நம் நாக்கு கொஞ்சம் தடுக்கவேண்டாமா? சிறைக்குப் போய் வந்தவனிடம் மட்டும் சொல்லவில்லை. நம் பாட்டன் செய்த வேலையை இன்று செய்துகொண்டிருக்கிற வங்காளதேசத்துப் பையனிடமும்தான். அவனுக்கு அவன் தாய் வைத்த பெயர் ஒன்று உண்டு. ‘பங்களா’ என்று கூப்பிட்டு நாம் காரியத்தை முடித்துக்கொள்கிறோம். ரஜூலா கப்பலில் வந்து இறங்கிய நம் பாட்டனையும் ஒரு காலத்தில் ‘கூலி’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

சரி, உங்கள் மகளிடம் வருகிறேன். இந்தக் கதை அவளுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். அந்தத் துரை தாராளமாக இருக்கலாம், பணம் அவருடையது. இங்கே பணயம் வைத்திருப்பது அவளுடைய கல்யாணம். அவளுக்காக நான் இன்னொரு பெண்ணைத்தான் துணைக்கு அழைக்கவேண்டும். அவர் திலகவதியார்.

சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் விரிவாக எழுதிய வரலாறு இது. திலகவதியார் திருவாமூரில் பிறந்தவர். தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். தமக்கென்று பேசி வைத்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் இறந்துபோனார். தாமும் உயிரை விட நினைத்தவர், தம்பிக்கு யாருமில்லை என்ற ஒரே காரணத்துக்காக உயிரை வைத்துக்கொண்டார். அந்தத் தம்பிதான் மருள்நீக்கியார். அவரோ வளர்ந்ததும் அக்காளை விட்டுச் சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்று பேரும் புகழும் பெற்றார். சமணத்துக்குப் போனது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழுக்கு நல்ல நூல்களைத் தந்த சமயம் அது. அக்காள் தம்பி கணக்கை மட்டும் பார்க்கிறேன். யாருக்காக உயிரை வைத்திருந்தாரோ அவர் போய்விட்டார். அக்காள் திருவதிகைக்குப் போய், கோயிலைக் கூட்டி, மெழுகி, பூப் பறித்துக் கொடுத்துக்கொண்டு இருந்தார்.

பிறகு தம்பிக்குச் சூலை நோய் வந்தது. வயிற்றைக் குடைகிற வலி. வைத்தியமும் மந்திரமும் கேட்கவில்லை. அப்போது அக்காள் நினைவு வந்தது. சமையல் செய்கிற ஆளைத் தூது அனுப்பினார். அக்காள் என்ன சொன்னார் தெரியுமா? நான் அங்கே வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். இந்த இடத்தை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பாசம் என்றால் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடுவது என்று திலகவதியார் நினைக்கவில்லை. தம்பியே புறப்பட்டு, இரவோடு இரவாக வந்து, அக்காள் காலில் விழுந்தார். அப்போது பழைய கணக்கு எதையும் அக்காள் திறக்கவில்லை. இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. திருநீற்றை எடுத்துக் கொடுத்தார். விடியுமுன் கோயிலைக் கூட்டப் போகும்போது தம்பியையும் கூட அழைத்துப் போனார். அவரைக் கோயிலுக்குள் அழைத்துப் போக அவர் யாரிடமும் போய் அனுமதி கேட்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை. அன்றைக்கு அந்தச் சந்நிதியில் நின்று பாடத் தொடங்கியவரைத்தான் திருநாவுக்கரசர் என்றும் அப்பர் என்றும் இன்றுவரை கும்பிடுகிறோம். அப்பருக்கு இறைவன் முதலில் காட்டிய முகம் அக்காளுடைய முகம். சந்நிதி அதற்குப் பிறகுதான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், சிலர் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனுக்கு ஒவ்வோர் இரவும் கதவைத் திறந்துவிடு, கடவுளும் அப்படித்தான் ஏற்றுக்கொள்கிறார் என்று பெண்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் உண்டு. அது புத்தி இல்லை, பாவம். அடிபடுகிறவளுக்குத்தான் முதலில் ஒரு கதவு திறக்கவேண்டும். பழைய லயங்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் எட்டாது. அந்த வீட்டு அடி இந்த வீட்டில் கேட்கும். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடுராத்திரியில் வந்தவளுக்குப் பாயை விரித்துப் போட்ட பக்கத்து வீட்டு அக்காள்கள் எத்தனை பேர்! அந்தப் பாயும் இறைவன் விரித்ததுதான். 1994-இலேயே இந்த நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் வந்துவிட்டது. போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், பாதுகாப்பு கேட்கலாம். திலகவதியார் ‘வரமாட்டேன்’ என்று சொன்னதை மறந்துவிட்டு ‘வா’ என்று சொன்னதை மட்டும் நம் பெண்களுக்குக் கதையாகச் சொல்லக்கூடாது.

உங்கள் மகன் யாரையும் அடித்ததாகக் கடிதத்தில் இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குகிற பிள்ளையாகத்தான் இருக்கிறான். ஆகவே மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். மன்னித்துவிடு என்று கேட்காதீர்கள்; அது பெரிய வேலை, அவளுக்கு நேரம் வேண்டும். சாப்பிடும் வேளையில் ‘அண்ணே, சாப்பிட வாங்க’ என்று சொல்ல முடியுமா என்று மட்டும் கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் கேளுங்கள். அவள் உழைத்ததற்கும் ஒரு நாள் மீன் குழம்பு வையுங்கள். அது அவளுக்காக வைத்தது என்று எல்லார் முன்னாலும் சொல்லியே வையுங்கள்.

வரன் பேச வருகிறவர்களிடம் அண்ணனை மறைக்கவேண்டாம். மறைத்தால் பிறகு எப்படியும் தெரியும். தெரிகிற நாளில் அவதிப்படுகிறவள் உங்கள் மகள்தான். கேட்டுவிட்டுச் சிலர் எழுந்து போவார்கள். போனால் போகட்டும் என்று எழுதுவது எனக்கு எளிது, பெண்ணைப் பெற்ற உங்களுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்பது தெரியாமல் இல்லை. இருந்தும் இதைத்தான் சொல்வேன். எல்லாம் தெரிந்தும் உட்கார்ந்து காப்பியைக் குடிக்கிறவர்கள் வீட்டில்தான் அவள் நிம்மதியாக வாழ முடியும்.

கோயில் பெரியவர் கெட்ட மனிதர் இல்லை என்றே நினைக்கிறேன். திருவிழாவில் பழைய கூட்டாளிகள் தேடி வந்து வம்பு நடக்குமோ என்று பயந்திருப்பார். பயம் நியாயம்தான். ஆனால் தைப்பூசத்தன்று நாம் செய்வதை அவருக்கு நினைவூட்டலாம். 1892-இலிருந்து பத்துமலையில் தைப்பூசம் நடந்துவருகிறது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டால் வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல். மோர் வாங்க நீட்டிய கையைப் பார்த்து ‘உன் நன்னடத்தைப் பத்திரத்தைக் காட்டு’ என்று எந்தப் பந்தலில் கேட்டோம்? 272 படி ஏறுகிற லட்சம் பேரில் உள்ளே போய் வந்தவர் யார், போகவேண்டியவர் யார் என்று முருகனும் கேட்பதில்லை. யாரென்றே தெரியாதவனுக்கு மோர் ஊற்றுகிறோம், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவனை அடுத்த வருஷம் வா என்கிறோம். மகனையே கூட்டிக்கொண்டு பெரியவரைப் போய்ப் பாருங்கள். பால்குடம் இல்லாவிட்டால் பந்தலுக்கு ஓலை கட்டட்டும், அன்னதானத்துக்குக் காய் நறுக்கட்டும். தண்டனையாகச் சொல்லவில்லை. நாலு பேரோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தால் பேச்சு தானாக வந்துவிடும். அவன் வாய் திறந்து பேசி எத்தனை நாளாகிறதோ.

அதெல்லாம் ஆடி மாதத்தில். அதற்கு முன்பு நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் அவன் வீடு திரும்பும் நேரத்தில் குசினிக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். முன்வாசல் விளக்கை ஏற்றிவிட்டு அங்கேயே நில்லுங்கள். கொஞ்ச நேரம் பின்னால் தட்டிப் பார்ப்பான். பிறகு வேறு வழியில்லாமல் முன்பக்கம் சுற்றிக்கொண்டு வருவான். வந்தவனிடம் என்ன சொல்வது என்று உங்களுக்கு நான் எழுதித் தரவேண்டியதில்லை. திருவிழா முடிந்ததும் ஒரு கடிதம் போடுங்கள்.